டயாலிசிஸும் என் தோலும்

டயாலிசிஸ் செய்துகொள்கிறேன் என்று சொன்னால், ஊசி வலிக்குமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் கேட்பார்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. ஊசி பழகிவிட்டது. தாகத்தையும் எப்படியோ சமாளித்துவிடலாம். என்னைப் படுத்தி எடுத்தது அரிப்புதான். முதுகில் தொடங்கியது, தோளுக்கும் கைக்கும் வந்தது, அப்புறம் உடம்பு முழுக்கப் பரவியது. பகலில் வேலையில் இருக்கும்போது ஓரளவு மறந்திருக்கும். விளக்கை அணைத்துப் படுத்ததும் ஆரம்பித்துவிடும்.

இது எனக்கு மட்டும் வந்த விசித்திர நோய் இல்லை. பல நாடுகளில் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ்) நோயாளிகளிடம் கேட்டு எடுத்த ஆய்வுகளில், பத்துப் பேரில் சுமார் நான்கு பேர் மிதமான அல்லது கடுமையான அரிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தோல் வறட்சி இன்னும் பரவலானது, பாதிப் பேருக்கு மேல் இருக்கும். ஆனாலும் எங்கள் டயாலிசிஸ் அறையில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. சிறுநீரக மருத்துவரிடம் சொன்னால் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்பார். தோல் மருத்துவரிடம் போனால், இது கிட்னியால் வருவது, அவரிடமே கேளுங்கள் என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டுக்கும் நடுவில் நாம் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருப்போம்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் தோலில் வரும் எதுவாக இருந்தாலும், அதை முதலில் சிறுநீரக மருத்துவரிடமே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. தோல் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரும் வேண்டும். ஆனால் மருந்தின் அளவு, டயாலிசிஸ் நேரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் சிறுநீரக மருத்துவரின் கையில்தான் இருக்கின்றன.

அவரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "கொஞ்சம் அரிக்குது டாக்டர்" என்றால் அது காற்றோடு போய்விடும். எங்கள் யூனிட்டில் இருந்த ஒரு சிஸ்டர்தான் வழி சொன்னார். கடந்த 24 மணி நேரத்தில் அரிப்பு உச்சத்தில் இருந்தபோது எப்படி இருந்தது என்பதைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக எழுதச் சொன்னார். அரிப்பே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. டயாலிசிஸுக்கு முன் எடை எழுதும் அதே தாளில், எடைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதினேன். அடுத்த முறை டாக்டர் சுற்று வந்தபோது 7, 8, 8, 7 என்று வரிசையாக இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். ஆராய்ச்சிகளில் அரிப்பு மருந்துகளைச் சோதிப்பதே இந்த மாதிரி எண்ணை வைத்துத்தான் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது.

நின்றவர் வரிசையாகக் கேட்டார். எங்கே அரிக்கிறது? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? அரிப்பதற்கு முன்பே தடிப்போ கொப்புளமோ வருகிறதா, அல்லது சொறிந்த பிறகுதான் காயமா? டயாலிசிஸ் நடக்கும்போது அதிகமா? புதிதாக ஏதாவது மாத்திரை? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?

கடைசிக் கேள்வி எதற்கு என்று அப்போது புரியவில்லை. அது சிரங்குக்காக. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்புப் பகுதி என்று ராத்திரியில் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றினால் சிரங்குப் பூச்சியைத் தேட வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு அரிப்பு என்றதும் எல்லாவற்றையும் கிட்னி கணக்கில் எழுதிவிடுவதில் இருக்கும் ஆபத்து இது. சிரங்கு கவனிக்கப்படாமல் ஒரு யூனிட் முழுக்கப் பரவலாம், ஆனால் மருந்து போட்டால் தீர்ந்துவிடும் நோய். ஹெபடைட்டிஸ் சி, தைராய்டு, மருந்து ஒவ்வாமை ஆகியவையும் இப்படி ஒளிந்துகொள்ளும். டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களிலேயே திடீரென்று அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வந்தால் அது வேறு கதை. ரத்தத்தை வடிகட்டும் டயலைசருக்கோ அங்கே கொடுக்கும் மருந்துக்கோ ஒவ்வாமையாக இருக்கலாம், அந்த நொடியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

சிறுநீரக அரிப்பின் அடையாளம், முதலில் தோலில் ஒன்றும் தெரியாது என்பதுதான். இரண்டு பக்கமும் வரும், முதுகில் அதிகம், ராத்திரியில் கூடும். தோலில் நாம் பார்க்கும் கீறல், பக்கு, தழும்பு எல்லாம் நகத்தின் வேலை. முதுகின் நடுவில் கை எட்டாத இடம் மட்டும் சுத்தமாக இருக்கும், சுற்றிலும் கீறல்களாக இருக்கும். என் முதுகைப் படம் எடுத்துப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. வெளியேற வேண்டிய கழிவுகள் தங்குவது, உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டிருப்பது, நரம்புகள் பாதிக்கப்படுவது, வலியைத் தணிக்க உடலே சுரக்கும் ஓபியாய்டு என்ற பொருள்களின் சமநிலை குலைவது என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஒவ்வாமையின்போது வரும் ஹிஸ்டமின் இதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. அதனால்தான் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் பலருக்குத் தூக்கத்தைக் கொடுக்கின்றனவே தவிர அரிப்பைத் தொடுவதில்லை. எனக்கும் அப்படித்தான். தூங்கிக்கொண்டே சொறிந்தேன், காலையில் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள். அந்த மாத்திரைகளுக்கும் சிறுநீரக நோயாளிக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், ஒன்று போதவில்லை என்று நாமே இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

டாக்டர் மாத்திரைக்குப் போவதற்கு முன் டயாலிசிஸ் சரியாக நடக்கிறதா என்று பார்த்தார். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா என்ற கழிவின் அளவை எடுப்பார்கள். வாரம் மூன்று முறை போகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் குறைந்தது 65 சதவீத யூரியாவாவது கழிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு அது விளிம்பில் இருந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் ரத்த ஓட்டம் போதாமல் இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்து நேரத்தையும் கூட்டினார்கள். நான்கு மணி நேரம் உட்கார முடியாமல் அரை மணி முன்னதாகவே கழற்றிவிடச் சொல்கிறவர்கள் எங்கள் யூனிட்டில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த நாற்காலி அப்படி. ஆனால் அரிப்பு இருந்தால், அந்த அரை மணியைத்தான் முதலில் திரும்பப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது ரத்தத்தில் பாஸ்பரஸ், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன். பாஸ்பரஸ் கூடினால் அரிக்கும் என்று யூனிட்டில் எல்லோரும் வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. அளவு எக்கச்சக்கமாக இருந்தும் அரிப்பே இல்லாதவர் இருக்கிறார், எல்லாம் சரியாக இருந்தும் தூங்காதவர் இருக்கிறார். எனக்கு பாஸ்பரஸ் 5.5-க்குக் கீழே வந்தபின் எண் எட்டிலிருந்து ஆறாகக் குறைந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் எலும்புக்கும் ரத்தக் குழாய்க்கும் அது கட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதால், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் அந்த மாத்திரைகளை விட முடியாது. சாப்பிட்டு வெகுநேரம் கழித்து விழுங்கினால் பலன் இல்லை, சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை.

மிச்சத்தில் பெரும்பங்கைக் குறைத்தது, சொன்னால் சப்பென்று இருக்கும், ஈரப்பத கிரீம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்கிவிடுகின்றன. கெண்டைக்காலில் தோல் செதில் செதிலாக உரிவது அதனால்தான். டாக்டர் சீட்டில் கிரீம் எழுதினால் நமக்கு ஒரு அலட்சியம் வரும், இதற்கா டாக்டரிடம் வந்தோம் என்று. விஷயம், எவ்வளவு பூசுகிறோம் என்பதில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒருமுறை பூச 30 கிராம் அளவுக்கு வேண்டும். சின்ன ட்யூப் ஒன்றை ஒரு மாதம் வைத்திருப்பவர், பூசுகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

நான் பின்பற்றுவது இதுதான். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்குவது போலச் சுகமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் வட்டியோடு திரும்பி வரும். குளியல் சீக்கிரம் முடிய வேண்டும். வாசனை சோப்பு கிடையாது, சோப்பும் தேவையான இடங்களில் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் கிரீம். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை. வாசனையில்லாத, கிளிசரின் சேர்ந்த கிரீமோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். விலை உயர்ந்தது வேண்டும் என்றில்லை, தாராளமாகப் பூசக்கூடியது வேண்டும். கால் மிகவும் தடித்து வெடித்திருந்ததால் எனக்கு யூரியா கலந்த கிரீம் எழுதினார்கள். ரத்தத்தில் இருக்கும் யூரியாவை இறக்க வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்திருப்பவனிடம், காலில் யூரியாவைப் பூசு என்றால் சிரிப்பு வராதா? தோலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள், பூசும் அளவில் ரத்தத்துக்குப் போவது பொருட்டே இல்லை. கீறல் உள்ள இடத்தில் பட்டால் மட்டும் எரியும்.

முதுகுக்குப் பூச இன்னொருவர் கை வேண்டும். தனியாக இருப்பவர்கள் நீளக் கைப்பிடி வைத்த பஞ்சு பூசியைப் பயன்படுத்தலாம். நகத்தை ஒட்ட வெட்டி வைப்பதும், ராத்திரி மெல்லிய பருத்திக் கையுறை போடுவதும் அரிப்பைக் குறைக்காது, ஆனால் காயத்தைக் குறைக்கும். அரிக்கும் இடத்தில் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்தால், சொறியும் ஆத்திரம் கொஞ்சம் தணியும்.

இத்தனைக்குப் பிறகும் எண் ஐந்தில் நின்றது. அப்போதுதான் காபாபென்டின் தொடங்கினார்கள். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் மாத்திரை, இந்த அரிப்புக்கும் நன்றாக வேலை செய்கிறது. அது உடம்பை விட்டு வெளியேற ஒரே வழி சிறுநீரகம். அந்த வழி அடைபட்டவருக்குச் சாதாரண அளவைக் கொடுத்தால் மருந்து தேங்கி, தலைசுற்றல், தள்ளாட்டம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, குழப்பம் என்று போகும். எனக்கு 100 மில்லிகிராம், டயாலிசிஸ் நாளில் மட்டும், டயாலிசிஸ் முடிந்த பிறகு. இயந்திரம் மருந்தையும் சேர்த்தே இழுத்துவிடும் என்பதால், முன்னால் போடுவதில் பிரயோஜனம் இல்லை. முதல் சில நாட்கள் எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் பழகியது. எண் இரண்டு, மூன்றுக்கு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதே மாத்திரை ஒத்துவரவில்லை, பகலெல்லாம் மயங்கிக் கிடந்தார், நிறுத்திவிட்டார்கள். நமக்கு வேலை செய்தது என்பதற்காக அடுத்தவருக்கு மாத்திரையை நீட்டும் பழக்கம் டயாலிசிஸ் அறைகளில் உண்டு. இந்த மாத்திரை விஷயத்தில் அதை அறவே செய்யக் கூடாது.

இதற்கும் அடங்காதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. டைஃபெலிக்கெஃபாலின் என்ற ஊசி மருந்து 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கென்றே அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. டயாலிசிஸ் முடியும் நேரத்தில் அதே குழாய் வழியாகப் போட்டுவிடலாம். ஜப்பானில் நால்ஃபுராஃபின் என்ற மருந்து 2009 முதலே இருக்கிறது. இரண்டும் முன்னால் சொன்ன ஓபியாய்டு சமநிலையில் கை வைப்பவை. புற ஊதாக் கதிர் சிகிச்சையும் சிலருக்குப் பலன் தருகிறது. மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் அதற்கு முன் மருத்துவரிடம் நன்றாகப் பேசிவிட வேண்டும், காரணம் கடைசியில் வருகிறது.

சொறிந்து சொறிந்து சிலருக்குக் கெட்டியான முண்டுகள் வந்துவிடும். அதில் ஒரு வகையில், கால், கை வெளிப்புறங்களில் சின்னச் சின்ன முண்டுகளாகக் கிளம்பி, நடுவில் ஆணி அடித்த மாதிரி ஒரு கெட்டிப் பக்கு இருக்கும். சர்க்கரை நோயும் டயாலிசிஸும் சேர்ந்தவர்களிடம் அதிகம் பார்ப்பது. பக்கைப் பிய்க்கப் பிய்க்கப் புதிதாக முளைக்கும், கீறிய கோட்டின் மேலேயே வரிசையாக வரும். தோல் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஃபிஸ்டுலா கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற இடத்தில் சொறிந்தால் காயம், அந்தக் கையில் சொறிந்தால் ரத்தத்தில் கிருமி. கட்டும் டேப்புக்கு அடியில் சதுரமாகச் சிவந்து கொப்பளித்தால் அது டேப் ஒவ்வாமை, ஊசி குத்தும் இடத்தைச் சுற்றிப் பரவலாகச் சிவந்தால் துடைக்கும் மருந்தாகவும் இருக்கலாம். "சிஸ்டர், வேற டேப் போடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், மாற்று வகை வைத்திருப்பார்கள். சிவப்பு, சூடு, வலி, சீழ், காய்ச்சல் என்று வந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது. ஃபிஸ்டுலாவின் மேல் தோல் மெலிந்து பளபளவென்று மின்னினாலோ, பக்கு காயாமலே இருந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். அந்த இடம் வெடித்தால் ரத்தம் சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகும். அப்படி வெடித்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மற்றபடி அங்கங்கே கன்றிப்போய் நீலம் பாரித்திருப்பது, டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினாலும், சரியாக வேலை செய்யாத தட்டணுக்களாலும் வருவது, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

நிறம் மாறுவதைப் பற்றிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். "என்னப்பா இப்படிக் கறுத்துட்டே" என்று ஆரம்பிப்பார்கள். நிறமியைத் தூண்டும் ஹார்மோன் சிறுநீரகம் வழியாகக் கழியாமல் தங்குவதால் வெயில் படும் இடங்கள் கறுக்கின்றன. கூடவே ரத்தசோகையால் ஒரு வெளிறல், சிலருக்கு மஞ்சள் பூத்த சாயல். சன்ஸ்கிரீன் ஓரளவு உதவும். நிறத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் கிரீம்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, பாதரசம் நேராகச் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். கொஞ்சநஞ்சம் சிறுநீர் போய்க்கொண்டிருப்பவர்கள் அதையும் இழக்க வேண்டாம்.

நகத்தில் அடிப்பாதி வெள்ளையாகவும் நுனிப்பாதி செம்பழுப்பாகவும் இருந்தால் அதற்கும் காரணம் இந்த நோய்தான். வலியில்லை, சிகிச்சையும் தேவையில்லை.

அரிப்பு பொறுக்கலாம், வலி பொறுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் யூனிட்டில் ஒரு அம்மா தொடையில் தாங்க முடியாத வலி என்றார். பார்த்தால் வலை பின்னிய மாதிரி ஊதாக் கோடுகள், தொட்டால் அடியில் கல் போலக் கெட்டி. சதைப்பிடிப்பு என்று வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அது கால்சிஃபைலாக்சிஸ். தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து அடைத்து, தோல் கறுத்துச் செத்துப் புண்ணாகிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகும் அளவுக்குக் கொடியது. தொடை, வயிறு, மார்பு போன்ற கொழுப்புள்ள இடங்களில் வரும். சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை ஆகியவை அபாயத்தைக் கூட்டும். அவருக்கு வார்ஃபரினை மாற்றினார்கள், கால்சியம் உள்ள மருந்துகளை நிறுத்தினார்கள், டயாலிசிஸின்போது சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தார்கள். புண்ணாக உடைவதற்கு முன்பே கவனித்ததால் பிழைத்தார்.

அக்கி வந்தாலும் அன்றே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வரும். எழுதிக் கொடுப்பவர் உங்களுக்கு டயாலிசிஸ் நடப்பது தெரியாதவராக இருந்தால், வாயைத் திறந்து சொல்லுங்கள். அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் வகை மாத்திரைகளை வழக்கமான அளவில் சாப்பிட்டு, புத்தி தடுமாறி மருத்துவமனையில் சேர்ந்த சிறுநீரக நோயாளிகள் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போதும் இப்படித்தான். அதில் போடும் கடோலினியம் சாயத்தின் பழைய வகைகளால், தோல் இறுகி மூட்டுகளை மடக்க முடியாமல் போகும் ஒரு நோய் 1997 முதல் சிறுநீரக நோயாளிகளிடம் காணப்பட்டது. சாயத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-ல் தெரிந்தது. இப்போதைய வகைகளில் அபாயம் மிகக் குறைவு, ஆனால் ஸ்கேன் மேஜையில் படுக்கும் முன் சொல்லியாக வேண்டும்.

மாற்று சிறுநீரகம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அரிப்பு போய்விடுகிறது. யூனிட்டில் எங்களோடு இருந்து மாற்று சிறுநீரகம் பெற்றுப் போனவரை விசாரித்தபோது, சிறுநீர் போவதைவிட ராத்திரி தூங்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவருக்கு இப்போது பிரச்சினை வேறு. உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதால் மரு, படர்தாமரை, ஸ்டீராய்டு பருக்கள் எல்லாம் வருகின்றன. வருடங்கள் போகப் போகத் தோல் புற்றுநோய்க்கான அபாயமும் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுகிறது, வெயிலில் எளிதில் சிவக்கும் வெளிர் நிறத் தோல் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். புற ஊதாக் கதிர் விஷயத்தில் யோசிக்கச் சொன்னது இதனால்தான். வெயிலில் உடம்பை மூடி நடக்கவும், வருடத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் தலை முதல் பாதம் வரை காட்டவும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் புதிதாக வளரும் கட்டியோ, ஆறாத புண்ணோ, தொட்டால் ரத்தம் கசியும் இடமோ தெரிந்தால் அந்த வருடாந்திரப் பரிசோதனை வரை தள்ளிப்போடக் கூடாது.